“24 மணித்தியாலத்துக்குள் வேலை செய்தால் பெனிபிட் குறையாது” என்று சொல்பவரிடம் காசு கொடுக்காதீர்கள்

பிரித்தானியாவில் யுனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கும் பெனிபிட், அதாவது உதவிக் காசு) எடுக்கும் குடும்பத்தில் கணவனோ மனைவியோ திரும்ப வேலைக்குப் போக யோசித்துக்கொண்டிருந்தால், முதலில் இதை வாசியுங்கள். நாங்கள் காசு கொடுத்து ஒருவரிடம் ஆலோசனை கேட்டோம். முக்கியமான எல்லாவற்றையும் பிழையாகச் சொன்னார். அதற்கான கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு முதுகுத் தட்டு விலகி, வேலையை விட்டு மூன்று வருடமாகிறது. வேலை செய்யும் நிலையில் இல்லை என்று மருத்துவ மதிப்பீட்டில் எழுதியும் கொடுத்துவிட்டார்கள். வாடகை வீடு, இரண்டு பிள்ளைகள். 2025 செப்டம்பரில் மனைவிக்கு ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை கிடைத்தது. கிழமைக்கு 20 மணித்தியாலம், மணிக்கு 12.21 பவுண். அப்போது சட்டப்படி கொடுக்க வேண்டிய ஆகக் குறைந்த சம்பளம் அதுதான். எட்டு வருடம் வீட்டிலிருந்தவள், சீருடையைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

பயம் எனக்குத்தான். இவள் வேலைக்குப் போனால் வாடகைக்கு வரும் காசு நின்றுவிடுமோ என்று. அதனால்தான் எங்கள் ஆக்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் ஒருவரிடம் போனோம். பெயர் போட விரும்பவில்லை. 80 பவுண் வாங்கினார். “தம்பி, தங்கச்சி 24 மணித்தியாலத்துக்குக் கீழேதானே? அப்ப ஒரு சதமும் குறையாது. நீங்கள் ஒன்றும் அறிவிக்கவும் தேவையில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். எங்கள் இருவரின் யுனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கு பாஸ்வேர்டையும் எழுதி வைத்துக்கொண்டார். “சரி அண்ணை” என்று கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த 24 மணித்தியாலக் கதை எங்கிருந்து வந்தது என்று பிறகுதான் விளங்கியது. வருமானத்தைப் பார்த்துக் கொடுத்த பழைய உதவிகளான ஜொப்சீக்கர்ஸ் அலவன்ஸிலும் (வேலை தேடுபவர்களுக்கு) ஈ.எஸ்.ஏ.யிலும் (நோயால் வேலை செய்ய இயலாதவர்களுக்கு) அப்படி ஒரு விதி இருந்தது. துணை கிழமைக்கு 24 மணித்தியாலமோ அதற்கு மேலோ வேலை செய்தால் உதவி முழுவதும் நின்றுவிடும். அதற்குக் குறைய என்றாலும், ஒரு சிறு தொகை போக மீதிச் சம்பளத்தைக் கழிப்பார்கள். ஆக, “ஒரு சதமும் குறையாது” என்பது பழைய முறையிலும் உண்மையில்லை. யுனிவர்சல் கிரெடிட்டில் மணித்தியாலக் கணக்கே கிடையாது. கைக்கு வரும் சம்பளத்தைத்தான் பார்க்கிறார்கள். அதை வேலை கொடுப்பவரே வரித் திணைக்களத்துக்கு அனுப்ப, அங்கிருந்து நேரே யுனிவர்சல் கிரெடிட் அலுவலகத்துக்குப் போய்விடுகிறது.

கணக்கு இப்படி. பிள்ளைகள் இருந்தாலோ, ஒருவருக்கு வேலை செய்ய இயலாது என்ற முடிவு இருந்தாலோ, சம்பளத்தில் முதல் பகுதியைத் தொட மாட்டார்கள். இதை வேர்க் அலவன்ஸ் என்கிறார்கள். 2025 ஏப்ரலில் தொடங்கிய வருடத்தில், வாடகைக்கும் உதவி வாங்குபவர்களுக்கு அது மாதம் 411 பவுணாக இருந்தது. வாடகை உதவி இல்லாதவர்களுக்கு 684. அதற்கு மேல் வரும் ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ் கழியும். மனைவிக்கு பென்ஷன் கழிந்து கைக்கு வருவது 950 பவுண் அளவில். 411 போக 539. அதில் 55 சதவீதம் 296 பவுண். ஒரு சதமும் குறையாது என்று நம்பியிருந்த எங்களுக்கு முதல் மாதமே 296 குறைந்தது. அப்படியும் வேலைக்குப் போனதால் கையில் அதிகம்தான் நிற்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் குறையாது என்று நம்பி, பழைய கடனைக் கட்ட மாதத் தவணை ஒன்றை ஒப்புக்கொண்டிருந்தோம்.

ஒக்டோபர் கடைசியில் அவரைக் கூப்பிட்டேன். “அது கணினிப் பிழை, அடுத்த மாதம் சரியாகிவிடும்” என்றார்.

டிசம்பரில் நடந்ததுதான் எங்களை உடைத்துவிட்டது. மனைவிக்குச் சம்பளம் மாதத்துக்கு ஒரு முறை அல்ல, நான்கு கிழமைக்கு ஒரு முறை. அப்படியென்றால் வருடத்துக்கு 13 சம்பளம். எங்கள் கணக்கெடுக்கும் மாதம் 21ஆம் திகதி தொடங்கி அடுத்த மாதம் 20ஆம் திகதி முடிகிறது. நவம்பர் 21இல் ஒரு சம்பளம், டிசம்பர் 19இல் இன்னொன்று. இரண்டும் ஒரே மாதக் கணக்குக்குள் விழுந்தன. 1,900 பவுண் சம்பாதித்ததாக எடுத்து, 819 பவுணைக் கழித்துவிட்டார்கள். நத்தாருக்கு முதல் நாள் வாடகைக் காசு வரும் என்று இருந்தோம். வந்ததைப் பார்த்து மனைவி, “நான் வேலையை விட்டுவிடவா?” என்று கேட்டாள். பிழை அவளுடையது போல.

திரும்ப அவரிடம் போனேன். அரசாங்கம் தண்டம் போட்டிருக்கிறது, அப்பீல் எழுத 150 பவுண் வேண்டும் என்றார். தண்டம் என்று ஒன்றும் இல்லை. இரண்டு சம்பளம் ஒரு மாதத்துக்குள் விழுந்தது, அவ்வளவுதான். 2020இல் நான்கு தனித் தாய்மார் இதே போன்ற விடயத்தில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார்கள். அதன் பிறகு விதியை மாற்றினார்கள். ஆனால் மாதச் சம்பளம் திகதி மாறி விழுபவர்களுக்குத்தான் அது உதவும். நான்கு கிழமைச் சம்பளக்காரருக்கு வருடத்தில் ஒரு முறை இது வந்தே தீரும். முன்பே தெரிந்திருந்தால் முதல் சம்பளத்தில் இருந்து ஒரு பங்கை எடுத்து வைத்திருப்போம். அந்த ஒரு வசனத்தைச் சொல்லித் தருவதற்குத்தான் நான் 80 பவுண் கொடுத்தேன் என்று நினைக்கிறேன்.

நல்ல காலம், அந்த 150ஐக் கொடுக்கவில்லை. தை மாதம், இலவசமாக ஆலோசனை சொல்லும் தொண்டு நிறுவனமான சிற்றிசன்ஸ் அட்வைஸில் நேரம் எடுத்தேன். காசு இல்லை. அங்கிருந்த பெண் ஒரு மணித்தியாலம் பொறுமையாகப் பேப்பர்களைப் பார்த்தார். பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி, என் முன்னாலேயே கணக்கைத் திறக்கச் செய்தார். ஜேர்னலில், அதாவது அந்தக் கணக்கில் செய்திகள் வரும் பக்கத்தில், எங்களுக்கு வந்த மூன்று செய்திகளுக்குப் பதில் போகவில்லை. பார்த்துக்கொள்கிறேன் என்றவர் எட்டியும் பார்க்கவில்லை. ஒரு சந்திப்பைத் தவறவிட்டிருந்தால் உதவியையே குறைத்திருப்பார்கள்.

அப்புறம்தான் மற்றவை ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சின்னவனைப் பள்ளிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளும் கிளப்புக்கு மாதம் 180 பவுண் கட்டுகிறோம். “கணவன் வீட்டில் இருந்தால் அதற்குக் காசு தர மாட்டார்கள்” என்று அவர் சொல்லியிருந்தார். இல்லை. இரண்டு பேரும் வேலை செய்ய வேண்டும் என்பது பொது விதிதான், ஆனால் வேலை செய்ய இயலாது என்ற முடிவு எனக்கு இருப்பதால் எங்களுக்கும் 85 சதவீதம், அதாவது மாதம் 153 பவுண் கிடைக்கும். கட்டிய செலவை அடுத்த கணக்கு மாதம் முடிவதற்குள் அறிவிக்க வேண்டும். அதனால் முதல் இரண்டு மாதக் காசு போய்விட்டது. மீள்பரிசீலனைக்கு எழுதியிருக்கிறோம், இன்னும் பதில் இல்லை.

மருந்துக் காசு இன்னொன்று. பிள்ளைகள் உள்ள குடும்பத்தின் கைச்சம்பளம் ஒரு கணக்கு மாதத்தில் 935 பவுணுக்குள் இருந்தால்தான் இங்கிலாந்தில் இலவச மருந்து. எங்களுடையது 950. வெறும் 15 பவுண் கூட. நான் நவம்பரில் வழக்கம்போல மருந்துச் சீட்டில் இலவசம் கேட்கும் யுனிவர்சல் கிரெடிட் பெட்டியில் புள்ளடி போட்டு நான்கு மருந்து எடுத்தேன். ஒன்று 9.90 பவுண்படி 39.60ஐயும் கட்டச் சொல்லி, அதன் மேல் 100 பவுண் தண்டமும் போட்டு அரசாங்க மருத்துவ சேவையான என்.எச்.எஸ்.இடமிருந்து கடிதம் வந்தது. என்னைப் போல மாதம் நான்கு மருந்து எடுப்பவர்களுக்கு வருடத்துக்கு 114.50 பவுணுக்கு முன்கட்டணச் சீட்டு இருக்கிறது, அதை எடுத்தால் ஒவ்வொரு மருந்துக்கும் தனியாகக் கட்டத் தேவையில்லை. அதையும் யாரும் சொல்லவில்லை. வீட்டுக்காக உள்ளூராட்சிச் சபைக்குக் கட்டும் கவுன்சில் டாக்ஸில் எங்களுக்கிருந்த சலுகையையும் கவுன்சில் தன் விதிப்படி திரும்பக் கணக்குப் பார்த்து, 212 பவுண் பில் அனுப்பியது. அது ஒவ்வொரு கவுன்சிலிலும் வேறு வேறு, அதனால் அவர்களுக்கும் தனியாக அறிவியுங்கள்.

துணையின் சம்பளம் தொடாதவையும் இருக்கின்றன. உடல் இயலாமைக்குக் கொடுக்கும் பி.ஐ.பி.யில் கை வைக்க மாட்டார்கள். நியூ ஸ்டைல் ஈ.எஸ்.ஏ. நீங்கள் வேலை செய்தபோது சம்பளத்தில் கழிந்த சொந்த நஷனல் இன்சூரன்ஸ் பங்களிப்பின் மேல் கொடுப்பது, மனைவி எவ்வளவு உழைத்தாலும் அது குறையாது. ஆனால் அந்தத் தொகையை யுனிவர்சல் கிரெடிட்டில் இருந்து அப்படியே கழித்துவிடுவார்கள். வேலையை ஒப்புக்கொள்ள முதலே டேர்ன்டுஅஸ் அல்லது என்டைட்டில்டுடூ தளத்தில் சம்பளத்தைப் போட்டுப் பாருங்கள். சம்பளம் மாதத்துக்கா, நான்கு கிழமைக்கா என்று முதலாளியிடம் கட்டாயம் கேளுங்கள். ஆங்கிலம் கஷ்டம் என்றால் யுனிவர்சல் கிரெடிட் அலுவலகத்தோடு தொலைபேசியில் பேசும்போது மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

குடிவரவு ஆலோசனையைக் காசு வாங்கிச் சொல்ல இந்த நாட்டில் அனுமதி வேண்டும். பெனிபிட் ஆலோசனைக்கு அப்படி ஒரு அனுமதி தேவையில்லை. அவரிடம் காசைத் திரும்பக் கேட்டேன். “நான் உதவிதானே தம்பி செய்தேன்” என்று போனை வைத்துவிட்டார். போன கிழமை என் மனைவியோடு வேலை செய்யும் ஒரு பெண், கணவனுக்கு வேலை கிடைத்திருக்கிறது, ஒருவர் 24 மணித்தியாலத்துக்குள் என்றால் பிரச்சினை இல்லை என்றாராம் என்று சொல்லியிருக்கிறாள். அதே ஆள்தான். அவளுடைய பாஸ்வேர்டை அன்றிரவே மாற்ற வைத்தோம்.