வோர்கிராஃப்டா, ரூன்ஸ்கேப்பா: திருகோணமலையில் இருந்து ஆடுபவர்களுக்கு

உவர்மலைப் பொடியன்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் கணினி விளையாட்டுகளில் எதைத் தொடங்குவது, 2004இல் வந்த வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்டா, 2013இல் தொடங்கிய ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்பா?

அழகும் சண்டையும் என்றால் வோர்கிராஃப்ட்தான். பெரிய ரெய்டில், அதாவது கூட்டுத் தாக்குதலில், இருபது பேர் ஒன்றாக நின்று ஒரு அரக்கனை வீழ்த்தும் சந்தோஷம் வேறு எங்கும் கிடைக்காது. ஆனால் ஐரோப்பியக் குழுவில் சேர்ந்தால், அவர்களுக்கு இரவு எட்டு மணி என்பது குளிர்காலத்தில் நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. விடிந்தால் வேலைக்குப் போகவேண்டும். அப்புறம் லேக், அதாவது இணையத் தாமதம். நெருப்பு காலடியில் விழுந்து, நகர்ந்துவிட்டோம் என்று நினைக்கும்போதே செத்துக் கிடப்போம். நடுவில் கரண்ட் போனால் மற்றப் பத்தொன்பது பேருக்கும் சிரமம். இருபதாம் லெவல் வரை இலவசம். அதற்கு மேல் மாதச் சந்தா, அதுவும் வெளிநாட்டுக் காசில்.

ரூன்ஸ்கேப் பார்க்கப் பழசு. ஆனால் அதன் சேர்வர் 0.6 செக்கனுக்கு ஒருமுறைதான் நம் அசைவுகளைக் கணக்கெடுக்கும் என்பதால் நம் இணைய வேகம் அவ்வளவாக இடிக்காது. கரண்ட் போனால் அதே கணக்கை போனில் திறந்து, உப்புவெளிக் கரையில் இருந்தபடியே மீன்பிடித் திறனை ஏற்றலாம். இலவசப் பகுதியே தாராளம்.

எரிச்சல், அதன் இழுவை. ஒரு திறன் 99ஆம் லெவலைத் தொட 1,30,34,431 அனுபவப் புள்ளிகள் வேண்டும். 92ஆம் லெவலுக்கு வந்தாலும் புள்ளிக் கணக்கில் பாதித் தூரம்தான்! மாதக்கணக்கில் ஒரே மரத்தை வெட்டப் பொறுமை வேண்டும்.

என்னைக் கேட்டால், இங்கிருந்து தொடங்குபவருக்கு ரூன்ஸ்கேப். இரவில் விழித்திருக்க முடிந்த நாலு கூட்டாளிகள் இருந்தால் மட்டும் வோர்கிராஃப்ட்.