கேரம் போர்டு: எட்டு வருட உபயோகத்துக்குப் பிறகு

12 மி.மீ. பிளைவுட், ஃபுல் சைஸ், வேலமரச் சட்டம். இந்தப் போர்டில் எட்டு வருடமாக வாரத்துக்கு ஐந்து நாளாவது ஆட்டம் நடக்கிறது. அதே காலம் பக்கத்தில் ஓடிய 8 மி.மீ. போர்டு ஒன்றும் உண்டு. இரண்டையும் பார்த்த பிறகு உறுதியாகச் சொல்லலாம்: கடையில் எல்லோரும் முதலில் கேட்கும் ‘எத்தனை எம்.எம்.?’ என்பதை இரண்டாவதாகக் கேளுங்கள். முதலில் பலகை சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். 1988-ல் சென்னையில் தொடங்கிய சர்வதேச கேரம் கூட்டமைப்பின் விதியே குறைந்தது 8 மி.மீ. போதும் என்கிறது. தடிமன் கூடினால் ஸ்ட்ரைக்கர் சத்தம் கனமாகும், தூக்கி வைக்க இரண்டு பேர் வேண்டும். வளைந்த பலகையை 20 மி.மீ. தடிமனும் காப்பாற்றாது.

சமம் பார்க்க ஒரு மீட்டர் ஸ்டீல் ஸ்கேல் எடுத்துப் போங்கள். ஸ்கேலின் விளிம்பை மூலைக்கு மூலை வைத்து, எதிர்ப்பக்கம் செல்போன் டார்ச் அடியுங்கள். நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தால் அடுத்த போர்டைப் பார்க்கலாம். நடுக்குழிவு இருந்தால் மெதுவாக கட் அடித்த காய் பாக்கெட்டுக்கு இரண்டு விரல் முன்னால் நின்றுவிடும். நடுமேடு இருந்தால் எல்லாக் காயும் சட்டத்தோரம் போய் ஒட்டிக்கொள்ளும். இரண்டில் மேடுதான் மோசம், ஆட்டமே கெடும். பிறகு 15 கிராம் ஸ்ட்ரைக்கரை முழு பலத்தோடு நேராக அடித்துப் பாருங்கள். சட்டத்தில் மோதி மோதி மூன்றரை முறை பலகையைக் கடக்க வேண்டும்.

போர்டைக் கவிழ்த்தும் பார்க்க வேண்டும். அடியில் குறுக்குச்சட்டம் இல்லாத போர்டை வாங்காதீர்கள். சட்டத்தை ஆணியால் அடித்திருந்தால் பின்னால் இறுக்க வழியில்லை, ஸ்க்ரூ போட்டதே நல்லது. கடைக்காரர் சொல்லும் 32, 33 இஞ்ச் வெளியளவு. உள்ளே டேப் வைத்தால் 73.5 முதல் 74 செ.மீ. இருக்க வேண்டும். பாக்கெட் விட்டம் 4.45 செ.மீ. சிறுவர்களுக்கு எளிதாக விழட்டும் என்று பெரிய ஓட்டை போட்ட மலிவுப் போர்டில் பழகினவர்களுக்கு, சரியான போர்டுக்கு வந்ததும் கட் ஷாட் எல்லாம் பாக்கெட் உதட்டில் இடித்துத் திரும்பும்.

இனி எங்கே வைத்து ஆடுவது. தெருவில் டிரம் மேலோ பிளாஸ்டிக் ஸ்டூல் மேலோ வைப்பது வழக்கம். பார்க்க உறுதியாகத்தான் இருக்கும். ஆனால் நடுப்பகுதியை மட்டும் தாங்குவதால் நாலு மூலையும் அந்தரத்தில் தொங்கும். ஆடுபவர் முழங்கையை ஊன்றும்போதெல்லாம் மூலை மூட்டில் பாரம் இறங்கும். 12 மி.மீ. போர்டில் மூன்றாம் வருடம் ஒரு மூலை நகம் நுழையும் அளவு பிளந்தது இப்படித்தான். ஸ்க்ரூவைத் தளர்த்தி, மூட்டில் ஃபெவிகால் விட்டு, நைலான் கயிற்றால் சட்டத்தைச் சுற்றி முறுக்கிக் கட்டி, 24 மணி நேரம் விட்டு மறுபடி இறுக்கியதில் சரியானது. அதோடு 65 செ.மீ. உயரத்தில் நாலு கால் மர ஸ்டாண்டும் வந்துவிட்டது. மேலே ரசமட்டம் வைத்துப் பார்த்து, தாழ்ந்த காலுக்கு அட்டை மடித்துக் கொடுத்தால் போதும்.

போர்டைச் சீக்கிரம் கெடுப்பது பவுடர்தான். முகப்பவுடர் போட்டால் முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடும். பிறகு கை வியர்வையும் காற்றின் ஈரமும் சேர்ந்து பிசுபிசுப்பாகிவிடும். மைதா போட்டால் எறும்பு வரும். போரிக் பவுடரையே வாங்குங்கள், அதிலும் நைசான ரகம். ஒரு ஆட்டத்துக்கு இரண்டு சிட்டிகை தாராளம். நேராகக் கொட்டாமல், மெல்லிய பருத்தித் துணியில் முடிச்சாகக் கட்டி, போர்டின் மேல் நாலைந்து இடத்தில் தட்டி, உள்ளங்கையால் வட்டமாகத் தேய்க்க வேண்டும். வெள்ளையாகத் தெரியும் அளவுக்குப் போட்டால் அதிகம். காயின் அடியில் பவுடர் திரண்டு, ஓடுகிற காய் திடீரென்று இழுத்துக்கொண்டு நிற்கும். ஆட்டம் முடிந்ததும் காய்ந்த துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்து, மூலையில் சேர்ந்ததை ஒரு இஞ்ச் பெயின்ட் பிரஷ்ஷால் எடுத்துவிடுங்கள். பேஸ் லைன் (ஸ்ட்ரைக்கர் வைத்து அடிக்கும் கோடு) வட்டங்களுக்குப் பக்கத்தில் மஞ்சளாகப் படிந்து காய்ந்தது கையில் தட்டுப்பட்டால், மர ஸ்கேலின் விளிம்பால் படுக்கையாகத் தள்ளினால் பெயர்ந்து வரும். ஈரத்துணி கூடாது. உப்புத்தாள் கூடவே கூடாது. வார்னிஷ் ஒரு தடவை போனால் வீட்டில் பிரஷ்ஷால் அடிக்கும் வார்னிஷ் அந்த வழவழப்பைத் தராது. இன்னொன்று, போரிக் பவுடர் வயிற்றுக்குள் போகக் கூடாதது. கைக்குழந்தை எட்டாத இடத்தில் வையுங்கள். ஆட்டத்தின் நடுவில் முறுக்கு, கடலை வேண்டாம், முடிந்ததும் கை கழுவுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எந்தப் பவுடரும் சரியாக ஓடாது. பழைய மன்றங்களில் போர்டுக்கு மேலே தகர மூடியோடு 100 வாட் குண்டு பல்பு தொங்கும். அது வெளிச்சத்துக்கு மட்டும் இல்லை, அந்தச் சூட்டில் பலகை காய்ந்தே இருந்தது. எல்.இ.டி. மாற்றின பிறகு போர்டு ‘இழுக்குது’ என்று பலர் சொல்வதற்கு இதுதான் காரணம். குண்டு பல்பு கிடைத்தால் மழைக்காலத்தில் மட்டும் ஆட்டத்துக்கு 20 நிமிடம் முன்பு போட்டு வையுங்கள். வெயிலில் காயவைக்காதீர்கள், ஒரே மத்தியானத்தில் பிளை வளைந்துவிடும். ஆடாத நாட்களில் துணி போர்த்தி ஸ்டாண்டிலேயே படுக்கையாக விடலாம். சுவரில் சாய்வாக மாதக்கணக்கில் நிறுத்தினால் வயிறு தள்ளும். 8 மி.மீ. போர்டு இத்தனை வருடம் வளையாமல் இருப்பதற்கு அது ஒருநாளும் சாய்ந்து நிற்காததுதான் காரணம்.

காயில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மரக்காய் 5 முதல் 5.5 கிராம், விட்டம் 3.02 முதல் 3.18 செ.மீ. பத்தொன்பதையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி விரலால் தடவினால் விளிம்பு சிதைந்ததும் ஊதிப்போனதும் தெரியும். டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு வைத்தால் ஊதாது. ஸ்ட்ரைக்கர் 15 கிராமைத் தாண்டக் கூடாது. கடையில் 20 கிராமுக்கு மேலும் விற்கிறார்கள். பிரேக், அதாவது காய்களைக் கலைக்கும் முதல் அடி, பிரமாதமாக இருக்கும், ஆறு மாதத்தில் காயின் விளிம்பும் சட்டத்தின் உள்முகமும் பல்பல்லாகிவிடும்.

ஆடும் விதத்தில் வீட்டுக்கு ஏற்றது பாயிண்ட் ஆட்டம்: கருப்பு 10, வெள்ளை 20, சிவப்பு 50. மொத்தம் 320, நாலு பேர் ஆடினால் தலைக்கு 80 எடுத்தவர் தப்பித்தார். சிறுவர்களுக்குக் கணக்கும் வரும். ஆனால் கை பழகியவர்கள் சீக்கிரமே போட்டி விதிக்கு மாறிவிடுங்கள். 1996-ல் அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயம், 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற வடசென்னையின் காசிமா எல்லாம் ஆடியது அந்த விதியில்தான். அதில் எதிராளிக்கு மிச்சமிருக்கும் காய்க்கு ஒரு பாயிண்ட், சிவப்புக்கு மூன்று, 25 பாயிண்ட் அல்லது எட்டு போர்டு, அதாவது எட்டுச் சுற்று. 22-ஐ எட்டிய பிறகு சிவப்புக்குப் பாயிண்ட் கிடையாது. அதனால் 21-ல் இருப்பவர் சிவப்பை விட மாட்டார், 22-ல் இருப்பவர் அது எதிராளி கைக்குப் போகாமல் இருந்தால் போதும் என்று தன் காயைப் பார்ப்பார். தெரு ஆட்டத்தில் கட்டைவிரலால் அடித்தால் பல இடங்களில் மைனஸ். போட்டியில் அது செல்லும், பேஸ் லைனுக்குப் பின்னால் கிடக்கும் காயை எடுக்க அதைவிட நல்ல வழி கிடையாது. தொடங்கும்போது மணிக்கட்டைப் பலகையில் பதித்து, ஸ்ட்ரைக்கரின் பின்விளிம்பில் நகம் படாமல் சதையால் தள்ளிப் பழகுங்கள். நகம் பட்டால் ஸ்ட்ரைக்கர் சுழன்று வலப்பக்கமோ இடப்பக்கமோ ஒதுங்கிப் போகும்.