வில்லின் முதுகில் பாம்புத் தோல்: பல மழைக்காலம் தாண்டிய அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப் பட்டணத்தில் மர வில்லுக்கு முதல் பகை ஈரம்தான். சுற்றிலும் ரப்பரும் செம்பனையும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மதியம் தாண்டினால் மழை. ஈரம் குடித்த வில் இழுவை தளர்ந்து, நாணைக் கழற்றினாலும் வளைந்தே நிற்கும்.

பாம்புத் தோல் ஒட்டினால் வில்லுக்குப் பலம் கூடும் என்பது தவறான நம்பிக்கை. பலத்துக்கு ஒட்டுவது விலங்கின் தசைநார். பாம்புத் தோல் பசையோடும் வார்னிஷோடும் சேர்ந்து வில்லின் முதுகை, அதாவது எய்பவருக்கு எதிர்ப்புறமாக இலக்கைப் பார்க்கும் பக்கத்தை, ஈரத்திலிருந்தும் கீறலிலிருந்தும் காக்கும், அழகு தரும், அவ்வளவுதான். அதனால் வில்லைச் செதுக்கிச் சமன்படுத்தி, நன்றாக எய்து பழக்கிய பிறகுதான் தோல். முதுகில் நார் எழும்பியிருந்தால் ஒட்டவே கூடாது. விரிசலைத் தோல் மறைத்துவிடும், வில் கையிலேயே உடையும்.

தோட்டத்தில் அடிபட்ட மலைப்பாம்பை உரிக்கலாமே என்று நினைக்காதீர்கள். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதற்கு வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வாங்கினால் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) அனுமதியும் தேவை. பதனிடாமல் காயவைத்த தோலாகக் கேளுங்கள். பதனிட்ட தோல் தடிப்பு, பசையை உள்ளே வாங்காது. முதுகுக் கோலம் நடுவில் வர, வயிற்றுப் பக்கம் கீறி உரித்ததாக இருக்க வேண்டும்.

மூங்கில் முதுகு என்றால் மேலே உள்ள மெழுகுப் பூச்சை மட்டும் 120-ஆம் எண் உப்புத்தாளால் எடுங்கள். உறுதியான நார் அதற்கு நேர் கீழேதான் இருக்கிறது, ஆழமாகத் தேய்த்தால் போச்சு. பிறகு அசிட்டோனில் துடைத்தால், அதன்மேல் விரல்கூடப் படக்கூடாது.

தோலை வெதுவெதுப்பான நீரில் துணி மாதிரி துவளும்வரை ஊறவிடுங்கள். கொதிநீரில் போட்டால் சுருங்கி வீணாகும். துண்டுக்கு நடுவே வைத்து நீரை ஒற்றி எடுங்கள். பசைக்கு டைட்பாண்ட் 3 என்ற நீர் தாங்கும் மரப்பசை நம் ஊருக்குச் சரி; ஈரத்தோலில் எபாக்ஸி நம்பகமாகப் பிடிக்காது. மரத்தில் ஒரு மெல்லிய பூச்சு போட்டுக் காயவிட்டு, பிறகு மரத்திலும் தோலிலும் தடவுங்கள். பசை வேலை நேரம் பத்து நிமிடத்துக்குள்தான், நம் வெக்கையில் அதற்கும் குறைவு. அதனால் ஒரு நேரத்தில் கைப்பிடியிலிருந்து ஒரு முனைவரை ஒரு பக்கம் போதும், பக்கத்துக்கு ஒரு தோல். தோலின் தலைப்பக்கம் கைப்பிடியிலும் வால்பக்கம் வில்லின் முனையிலும் வரட்டும். அப்போது செதில்கள் முனையைப் பார்த்துப் படியும், துடைக்கும்போது துணியில் மாட்டாது. இரண்டு தோலும் கைப்பிடிச் சுற்றுக்கு அடியில் சந்திக்கட்டும். நடுக்கோட்டிலிருந்து ஓரத்துக்குக் கட்டைவிரலால் அழுத்திக் காற்றைத் தள்ளுங்கள். காயும்போது தோல் சுருங்கும் என்பதால் இருபுறமும் ஒரு சென்டிமீட்டர் மிச்சம் விடுங்கள். காயத்துக்குக் கட்டும் காஸ் துணியால் சுற்றுங்கள். பிளாஸ்டிக் டேப் ஈரத்தை வெளியே விடாது, தோல் நாறிப்போகும்.

மழைநாளில் ஒட்டினால் மூன்று நாள் காயட்டும். ஓரத்தைக் கத்தியால் வெட்டாமல் அரத்தால், முதுகிலிருந்து கீழ்நோக்கி மட்டும் தேயுங்கள். மேல்நோக்கித் தேய்த்தால் தோல் பிரியும்.

அடுத்தது பலரும் விட்டுவிடும் வேலை: செதிலின் மேல் சவ்வை எடுப்பது. ஒட்டும் டேப்பை அழுத்தி இழுத்தால் கண்ணாடிச் சில்லு போல வரும், அடியில் கோலம் பளிச்சென்று தெரியும். இதைச் செய்யாமல் வார்னிஷ் அடித்தால் பின்னால் சவ்வு உதிரும்போது வார்னிஷும் சேர்ந்து உதிரும். சவ்வை எடுத்த பிறகு முதலில் ஷெல்லாக் என்ற அரக்குப் பூச்சு. அதை மழை ஈரத்தில் அடித்தால் வெள்ளை பூக்கும். வெயில் காய்ந்த மதியத்தில் அடிப்பது நல்லது. அதன்மேல் வெளிப்புற வார்னிஷ் மூன்று மெல்லிய பூச்சு.

நாள்பட்ட வில்களில் நடுப்பகுதி தேயாமல் அப்படியே இருக்கிறது. கெடுவதெல்லாம் ஓரமும் முனையும்தான். பூச்சு தேய்ந்த இடத்தில் ஈரம் நுழைந்து தோல் எழும்புகிறது, பூஞ்சை பிடிக்கிறது, கரப்பானும் கடிக்கிறது. வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியில் வில்லை விட்டால் சூட்டில் பசையே இளகும். வியர்க்கும் சிமெண்டுச் சுவரில் சாய்க்காமல், நாண் கழற்றிப் படுக்கையாகத் தொங்கவிடுங்கள். ஓரம் எழும்பினால் உடனே சிரிஞ்சில் நீர்த்த பசை விட்டு, நூல் சுற்றி ஒரு நாள் வைத்து, அந்த இடத்துக்கு மட்டும் வார்னிஷ் தொட்டுவிடுங்கள்.