பெட்ரோல் ஓஸ்னு சொல்லித் தண்ணி ஓஸை அனுப்பிட்டாங்க: பழைய கார் வச்சிருக்கவங்க உஷார்!

பழைய கார் வச்சிருக்கிற எல்லாரும் இதைத் தயவுசெஞ்சு படிங்க. 6,480 ரூபாய் போச்சு. பணம் மட்டும் போயிருந்தா இந்த நேரத்துல உட்கார்ந்து எழுதிட்டிருக்க மாட்டேன். வண்டிக்குள்ள எங்க அம்மா இருந்தாங்க. நடந்ததை முழுசா சொல்லிட்டு, பெட்ரோல் ஓஸ் வாங்கும்போது என்னென்ன பார்க்கணும்னு கடைசியில விவரமா எழுதுறேன்.

எங்களோடது அம்பாசிடர் மார்க் 4, 1489 சிசி பெட்ரோல். அப்பா வாங்கின வண்டி. அவர் போன பிறகும் விக்க மனசு வராம, எஃப்.சி., பசுமை வரி எல்லாம் கட்டி ஓட்டிட்டிருக்கோம். கொஞ்ச நாளா பானெட்டைத் திறந்தாலே பெட்ரோல் வாடை. பம்புக்கும் கார்பரேட்டருக்கும் (பெட்ரோலையும் காத்தையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புற பாகம்) நடுவுல இருக்கிற ரப்பர் ஓஸை லேசா வளைச்சுப் பார்த்தேன். வளைச்ச இடம் பூரா கோடு கோடா வெடிப்பு. காரணம் ஒண்ணும் ரகசியம் இல்ல. 2022-லயே பெட்ரோல்ல 10 சதவீதம் எத்தனால் கலந்தாச்சு, 2025-ல 20 சதவீதத்துக்கு வந்தாச்சு. இந்த வண்டியெல்லாம் செஞ்ச காலத்துல வந்த ரப்பர் எத்தனாலைத் தாங்குறதுக்குன்னு செஞ்சதே இல்ல. ஒண்ணு ஊதிப்போகும், இல்லேன்னா காய்ஞ்சு வெடிக்கும்.

அம்பாசிடர்ல இது இன்னும் ஆபத்து. இந்த எஞ்சின்ல கார்பரேட்டரும், சூடான புகை வெளியேறுற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம். மேல கார்பரேட்டர், அதுக்குக் கீழயே கொதிக்கிற மேனிஃபோல்டு. மேல ஒழுகினா எங்க போய் விழும்னு நான் சொல்லவே வேண்டாம். அதனாலதான் சாதாரண ஓஸ் வேண்டாம், காசு கூடப் போனாலும் பரவாயில்லன்னு 30ஆர்9-னு தரக் குறியீடு உள்ள ஓஸ் தேடினேன். உள்பக்கம் ஃப்ளோரோ ரப்பர் லேயர் போட்டு, இன்ஜெக்ஷன் வண்டிகளோட பிரஷருக்கே தாங்குற மாதிரி செய்யுற ஓஸ் அது. எத்தனாலும் அதை ஒண்ணும் பண்ணாது.

பழைய கார்களுக்குன்னே ஸ்பேர் விக்கிற ஒரு ஆன்லைன் கடையில கிடைச்சுது. "கிளாசிக் கார் ஃபியூயல் லைன் கிட், 30ஆர்9, ஈ20 பெட்ரோலுக்கு ஏற்றது"ன்னு பெருசா போட்டிருந்தாங்க. ஈ20-ன்னா அந்த 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான். ஓஸ், கிளிப், ரெண்டு ஃபில்டர், எல்லாம் சேர்த்து 6,480 ரூபாய். ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி அவங்க கொடுத்திருந்த நம்பருக்குப் போன் பண்ணினேன். எடுத்தவர் முதல்ல கேட்டதே, "மார்க் 4-னா உங்க வண்டியில எஸ்.யூ. கார்பரேட்டரா, சோலெக்ஸா சார்?"

அந்த ஒரு கேள்வியிலதான் எனக்கு நம்பிக்கை வந்துச்சு. ரெண்டும் வேற வேற வகை கார்பரேட்டர், அம்பாசிடர்ல ரெண்டும் வந்திருக்கு. வண்டியோட பழகினவங்களுக்குத்தான் அப்படிக் கேட்கத் தோணும். அப்புறம் நிதானமா பேசினார். டேங்க் பக்கம் இருக்கிற துண்டையும் சேர்த்து மாத்திடுங்க, பழைய கிளிப்பைத் திரும்பப் போடாதீங்கன்னு சரியான யோசனையாவே சொன்னார். "எங்க வீட்லயும் அம்பாசிடர் ஓடிட்டிருந்துச்சு சார், கண்ணை மூடிட்டு வாங்குங்க"ன்னார். அந்தக் குரல் இன்னும் காதுல இருக்கு. வயிறு எரியுது.

பார்சல் வந்துச்சு. ஓஸ் மேல வெள்ளை எழுத்துல 30ஆர்9-னு இருந்துச்சு. எங்க மெக்கானிக் அண்ணன் முப்பது வருஷமா அம்பாசிடர் மட்டுமே பார்க்கிறவர். மாட்டும்போதே, "என்ன தம்பி, இது இவ்வளவு கொழகொழன்னு இருக்கு?"ன்னு கேட்டார். எழுத்தைக் காட்டினேன். சரின்னு மாட்டி, வண்டியை ஆன்ல விட்டுப் பார்த்தோம். ஒரு சொட்டுகூட ஒழுகல.

கொஞ்ச வாரம்தான். திண்டிவனத்துல அத்தை வீட்டு விசேஷத்துக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போயிட்டிருந்தேன். மதுராந்தகம் தாண்டினதும் வண்டி திக்கித் திக்கி இழுக்க ஆரம்பிச்சுது. கூடவே வாடை. பின்சீட்லேர்ந்து அம்மா, "என்னடா, பெட்ரோல் நாத்தம் தாங்கல"ன்னாங்க. ஓரம் கட்டி, சாவியைத் திருப்பி, அம்மாவை முதல்ல இறக்கித் தூரமா நிக்க வச்சேன். பானெட்டைத் தூக்கினா கார்பரேட்டர் பூரா ஈரம். மேனிஃபோல்டு மேலேர்ந்து ஆவி கிளம்பிட்டிருக்கு. பேட்டரி டெர்மினலைக் கழட்டும்போது கை நடுங்கிடுச்சு. ஒரு பொறி போதும். அவ்வளவுதான்.

ரிக்கவரி வண்டியில ஏத்தி ஷெட்டுக்குக் கொண்டு வந்தோம். கார்பரேட்டர் பக்கத்து முனையை அண்ணன் இழுத்தார். மழையில ஊறின செருப்பு வார் மாதிரி கையோட வந்துடுச்சு. கிளிப் இருந்த இடத்துக்கு ரெண்டு பக்கமும் ஓஸ் ஊதிப் புடைச்சிருக்கு. கார்பரேட்டர்ல பெட்ரோல் தேங்கி நிக்கிற ஃப்ளோட் சேம்பரைத் திறந்தா அடியில கறுப்புக் கறுப்பா ரப்பர் துகள். விரல்ல தொட்டா ஒட்டுது. அதுல ஒண்ணு, உள்ள வர்ற பெட்ரோலை நிறுத்துற ஊசி வால்வுல போய் உட்கார்ந்து, வால்வு மூடாம பெட்ரோல் வழிஞ்சிருக்கு. ஓஸ் முனையிலயும் ஒழுகியிருக்கு. பெட்ரோல் போற சின்னத் துளையான ஜெட்டும் அடைச்சிருக்கு.

அண்ணன் பிளேடால குறுக்கே அறுத்துக் காட்டினார். உள்பக்கம் தனி லேயரே கிடையாது. ஒரே ரப்பர், நடுவுல பேருக்கு ஒரு நூல் பின்னல். "இது தண்ணி ஓஸ் தம்பி"ன்னார். எனக்கு மனசு கேக்கல. மாட்டாம மிச்சம் இருந்த துண்டுல பாதியை வெட்டி, ஒரு கண்ணாடி பாட்டில்ல கொஞ்சம் பெட்ரோல் விட்டு, மூடி போட்டு ஷெட்லயே வச்சேன். மறுநாள் எடுத்து மத்த பாதிக்குப் பக்கத்துல வச்சுப் பார்த்தா, ஊறினது தடிமன்லயும் கூட, நீளத்துலயும் கூட. பெட்ரோல் டீ டிகாக்ஷன் நிறத்துக்கு வந்திருக்கு. 30ஆர்9-னு எழுதியிருந்த எழுத்து விரல்லயே வந்துடுச்சு. இதுக்கா 6,480 ரூபாய்?

அதுக்கப்புறம் ஆரம்பிச்சுது அலைக்கழிப்பு. சோலெக்ஸா எஸ்.யூ.-வான்னு கேட்ட அந்த மனுஷன் போனையே எடுக்கல. கஸ்டமர் கேர்ல ஒரு பொண்ணு, ரிட்டர்ன் தேதி முடிஞ்சுடுச்சுன்னாங்க. ரிட்டர்ன் கேக்கலம்மா, நீங்க அனுப்பினது போலிப் பொருள்னு சொன்னேன். "ரப்பர் ஐட்டத்துக்கு வாரண்டி கிடையாது சார்." அடுத்த தடவை வேற ஆள். மாட்டினவர் ஆத்தரைஸ்டு மெக்கானிக்கான்னு சான்று கேட்டார். கம்பெனியே 2014-ல உற்பத்தியை நிறுத்தியாச்சு, அம்பாசிடருக்கு ஆத்தரைஸ்டு மெக்கானிக்குக்கு நான் எங்க போவேன்? அதுக்கு அடுத்த ஆள் சொன்னதுதான் உச்சம்: "எத்தனால் கலந்த பெட்ரோல் போட்டிருப்பீங்க சார், அதுக்கு நாங்க பொறுப்பில்ல." ஈ20-க்கு ஏற்றதுன்னு போட்டு வித்தவங்க வாயால இந்தப் பேச்சு! ஈ20-ன்னு உங்க வெப்சைட்லயே போட்டிருக்கீங்களேன்னு சொன்னேன், லைன் கட். சாயந்திரம் போய்ப் பார்க்கிறேன், அந்த ஈ20 வரியையே எடுத்துட்டாங்க. என்கிட்ட பழைய ஸ்கிரீன்ஷாட் இருக்கு. அதை அனுப்பினேன். "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு ஸ்டார் கொடுங்கள்"னு மெசேஜ் வருது.

6,480 ரூபாய்ல ஒரு பைசா திரும்ப வரல. ரிக்கவரி வண்டி, கார்பரேட்டர் ரிப்பேர் கிட், மறுபடியும் லேபர், இதெல்லாம் தனிக் கணக்கு.

ஆன்லைன்ல விக்கிறவங்க புகாரை 48 மணி நேரத்துக்குள்ள பெற்றுக்கிட்டோம்னு சொல்லணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்த்து வைக்கணும்னு 2020-ல வந்த மின்வணிக விதிகள்லயே இருக்கு. குறைதீர்ப்பு அதிகாரி பேரைத் தளத்துல போடணும்னும் இருக்கு. இவங்க தளத்துல தேடிப் பார்த்தேன், ஒரு பேரும் இல்ல. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் பதிஞ்சாச்சு. விடப் போறதில்ல.

விவரமா எழுதுறேன்னு சொன்னேன், ஆனா இப்ப கோவத்துல எனக்கு ஓடுறது இவ்வளவுதான். எழுத்தை மட்டும் பார்த்து ஓஸ் வாங்காதீங்க, முனையைப் பாருங்க. நல்ல 30ஆர்9-ல உள்சுவர் மெல்லிசா தனி லேயரா தெரியும். மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு துண்டை வெட்டி, நெருப்புக்குத் தூரமா வச்சு, பெட்ரோல்ல ஊறப்போட்டுப் பாருங்க. பல் பல்லா துளை போட்ட கிளிப் ரப்பரை அறுத்துடும், ஓரம் மடிச்ச கிளிப் வாங்குங்க. வாங்குற அன்னைக்கே கடையோட வெப்சைட் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க.

சமீபத்துல இந்த மாதிரி ஆன்லைன் கிட் வாங்கி மாட்டினவங்க யாராவது இருந்தா, எஞ்சின் ஆறினதும் பானெட்டைத் திறந்து ஓஸை விரலால அமுக்கிப் பாருங்க. கிளிப் பக்கத்துல புடைச்சிருந்தாலோ, எழுத்து கையோட வந்தாலோ வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க, மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்க.