ஏறக்கூடாத கூரைக்கு 2,500 டாலர்: ஆர்.வி. வாடகைக்கு எடுக்கும் மூத்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

ஓய்வு பெற்றபின் படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் ஆர்.வி. வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலக் கடற்கரையை அவசரமில்லாமல் பார்த்து வரலாம் என்று எண்ணியிருக்கும் தம்பதியர் யாராக இருந்தாலும், முன்பதிவு செய்வதற்கு முன்பு இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் கட்டியிருந்த 2,500 டாலர் டெபாசிட் முழுவதையும், நாங்கள் செய்யாத சேதத்துக்காக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். "இது எங்கள் இறுதி முடிவு, இனி இந்தப் புகார் மறுபரிசீலனை செய்யப்படாது" என்ற மின்னஞ்சல் நேற்றிரவுதான் வந்தது. வழக்குக்குப் போகும் எண்ணம் இருப்பதால் வண்டியை ஏற்பாடு செய்த இணையதளத்தின் பெயரைச் சொல்லவில்லை. சொந்தமாக வண்டிகள் வைத்திருக்கும் வாடகை நிறுவனம் அல்ல அது. தனியார் தங்கள் வண்டிகளைப் பட்டியலிட, வாடகைக்கு எடுப்பவர்களிடமும் உரிமையாளரிடமும் கட்டணம் வாங்கிக்கொண்டு நடுவில் நிற்கும் இணையதளம். இதிலிருந்து எப்படித் தப்பிப்பது என்பதையும் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

ஓரிகனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. அந்த மாநிலத்தின் 363 மைல் கடற்கரையிலும் மணற்பரப்பைப் பொதுமக்கள் பயன்படுத்த 1967ஆம் ஆண்டின் சட்டம் உரிமை தந்திருப்பதால், எந்த இடத்திலும் வேலி குறுக்கிடாமல் நடக்கலாம். 101ஆம் நெடுஞ்சாலை பெரும்பாலும் கடலை ஒட்டியே போகிறது. மாநிலப் பூங்காக்களில் மின் இணைப்பும் தண்ணீர் இணைப்பும் கொண்ட முகாம் இடங்களை முன்கூட்டியே பதிந்துகொள்ளலாம். ஆர்.வி. பயணிகளிடையே '2-2-2' என்று ஒரு வழக்கம் உண்டு: ஒரு நாளில் 200 மைலுக்கு மேல் ஓட்டக் கூடாது, பிற்பகல் 2 மணிக்குள் முகாமை அடைந்துவிட வேண்டும், ஓரிடத்தில் குறைந்தது 2 இரவு தங்க வேண்டும். எங்கள் வயதுக்கு அது பொருந்தியது. போர்ட்லேண்டில் வண்டியை எடுத்து, அஸ்டோரியாவில் தொடங்கித் தெற்கே கலிபோர்னியா எல்லைக்கு அருகே உள்ள புரூக்கிங்ஸ் வரை மெல்ல மெல்ல இறங்குவது திட்டம்.

வண்டியை எங்களிடம் ஒப்படைத்த அந்த அரைமணி நேரத்தைத்தான் இப்போது திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். உரிமையாளருக்கு எங்கள் மகன் வயதுதான் இருக்கும். என் மனைவி படியேறும்போது கை கொடுத்தார். எரிவாயுவை எப்படித் திறப்பது, கழிவுநீர்க் குழாயை எப்படிப் பொருத்துவது, எந்தத் தொட்டியை முதலில் காலி செய்வது என்று ஒவ்வொன்றையும் பொறுமையாகச் செய்து காட்டினார். நானும் சும்மா இருக்கவில்லை. பம்பர், கண்ணாடி, சக்கரங்கள், பக்கவாட்டுப் பந்தல், உள்ளே தரை, அடுப்பு, கழிவறை என எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்துக்கொண்டேன். அப்போது என் மனைவி, "ஏங்க, எல்லாத்தையும் எடுத்தீங்க, கூரையை எடுக்கலையே?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான் என்று நானும் உரிமையாளரிடம் திரும்பிக் கேட்டேன்.

அவர் சிரித்தார். வண்டியின் பின்புறம் இருந்த ஏணியின் படிகளை மறைத்து ஒரு தகட்டைப் பூட்டி வைத்திருந்தார். அதைத் தட்டிக் காட்டி, வாடகைக்கு எடுப்பவர்கள் கூரையில் ஏறக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, காப்பீடும் அதை அனுமதிக்காது என்றார். பிறகு, இந்த வயதில் நீங்கள் ஏணி ஏறி விழுந்துவைத்தால் உங்கள் பிள்ளைகளுக்கு நான் என்ன பதில் சொல்வேன், கூரை என் பொறுப்பு, ஒவ்வொரு பருவமும் நானே ஏறி, நீர் புகாதபடி இணைப்புகளை அடைக்கும் சீலன்ட் பூசுகிறேன் என்று அவ்வளவு கனிவோடு சொன்னார். சொல்லிக்கொண்டே தன் டேப்லட்டில் 'கூரை: நல்ல நிலை' என்ற கட்டத்தில் அவரே டிக் அடித்து, கையெழுத்துக்கு நீட்டினார். கையெழுத்திட்டோம். பெரியவர்கள் மேல் இவ்வளவு அக்கறை காட்டும் பையன் என்று என் மனைவி வழியெல்லாம் அவரைப் புகழ்ந்துகொண்டு வந்தாள்.

முதல் சில நாள்கள் வானம் தெளிவாக இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஃபோர்ட் ஸ்டீவன்ஸ் கடற்கரையில் 1906இல் தரைதட்டிய பீட்டர் அயர்டேல் கப்பலின் துருப்பிடித்த எலும்புக்கூட்டைச் சுற்றி மாலையில் நடந்தோம். டீபோ பேயில் சாலையோரக் கைப்பிடிச்சுவரில் சாய்ந்து நின்றபடியே சாம்பல் திமிங்கிலம் ஒன்று மூச்சுவிட்டு நீரைப் பீய்ச்சுவதைப் பார்த்தோம். அதையெல்லாம் விரித்து எழுத இப்போது மனம் வரவில்லை.

நியூபோர்ட்டில் யகீனா விரிகுடாப் பாலத்தைத் தாண்டி சவுத் பீச் பூங்காவில் தங்கிய இரவில் மழை பிடித்துக்கொண்டது. ஓட்டுநர் இருக்கைக்கு மேலே பரண் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் படுக்கையில் நாங்கள் படுக்கவில்லை. கம்பளி உடைகளையும் மருந்துப் பையையும் அங்கே வைத்திருந்தோம். நள்ளிரவில் சொட்டுச் சத்தம் கேட்டு விளக்கைப் போட்டால், பரணின் வலது மூலையிலிருந்து நீர் வழிந்து மெத்தை நனைந்து, அங்கிருந்து ஓட்டுநர் இருக்கையில் சொட்டிக்கொண்டிருந்தது. துடைப்பதற்காக அந்த மூலையில் கை வைத்தேன். சுவர் உள்ளே அமுங்கியது. நனைந்த ரொட்டியை அழுத்தியதுபோல விரல் பதிந்த இடம் பதிந்தபடியே நின்றது. மர வேலைப்பாடு போல அச்சிட்ட ஒரு ஒட்டுத்தாள் அந்த மூலைக்கு மட்டும் புதிதாக ஒட்டப்பட்டிருந்ததை அப்போதுதான் கவனித்தோம். ஈரத்தில் அதன் விளிம்பு தானாகவே சுருண்டு வந்திருந்தது. அதன் அடியில் ஒட்டுப்பலகை கறுத்து, அடுக்கடுக்காகப் பிரிந்து கிடந்தது. பலகையைச் சட்டத்தோடு பிணைத்திருந்த ஸ்டேப்ளர் கம்பிகள் துருவேறி, தொட்டவுடன் பொடிந்தன. வண்டியை எடுத்தபோது உள்ளே மூக்கைத் துளைத்த எலுமிச்சை வாசனைத் திரவியம் எதை மறைக்க வைக்கப்பட்டது என்பதும் புரிந்துவிட்டது, ஏனென்றால் இப்போது பூஞ்சை நாற்றம் அதை மிஞ்சியிருந்தது.

ஓரிரவு மழையில் இரும்பு துருவேறிப் பொடியாகாது, பலகை உளுத்துப் போகாது. அதற்கு மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கில் நீர் கசிந்திருக்க வேண்டும். இந்த வகை வண்டிகளில் பரண் பகுதியின் இணைப்புகள்தான் முதலில் கசியத் தொடங்கும் என்பது வைத்திருப்பவர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம்.

படங்கள் எடுத்து அந்த இரவே தளத்தின் செய்திப் பெட்டி வழியாக உரிமையாளருக்கு அனுப்பினேன். காலையில் அவர் எழுத்தில் அனுப்பிய பதில் ஒரே வரி: தெரிவித்ததற்கு நன்றி, பத்திரமாகப் பயணம் செய்யுங்கள். மற்றதையெல்லாம் தொலைபேசியில் பேசினார். கடலோரக் குளிரில் உள்ளே ஆவி படிந்து நீராவது இயல்புதான், மேல் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், மெத்தையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், வந்ததும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஈர மெத்தையும் பூஞ்சை நாற்றமும் உள்ள வண்டியில் ஆஸ்துமா உள்ள என் மனைவியைத் தெற்கே அழைத்துப் போக முடியாது. ஹெசீட்டா கலங்கரை விளக்கமும் ஃபுளோரன்ஸின் மணல்மேடுகளும் அப்படியே நின்றுபோக, நியூபோர்ட்டிலிருந்து 20ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து கார்வாலிஸ் வழியாகப் போர்ட்லேண்டுக்குத் திரும்பிவிட்டோம். பயன்படுத்தாத நாள்களின் வாடகையை நாங்கள் கேட்கக்கூட இல்லை. வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமாக யாரும் திருப்பித் தந்ததில்லை என்று உரிமையாளர் கை குலுக்கினார்.

சில நாள் கழித்துத் தளத்திலிருந்து சேத அறிவிப்பு வந்தது. தாழ்ந்த மரக்கிளையில் மோதி வண்டியின் கூரையைக் கிழித்துவிட்டோமாம். அதனால்தான் நீர் உள்ளே இறங்கிப் பரண் கெட்டுவிட்டதாம். பழுதுபார்ப்பு மதிப்பீடு டெபாசிட்டைவிட அதிகம் என்றாலும், நல்லெண்ண அடிப்படையில் 2,500 டாலரோடு நிறுத்திக்கொள்கிறார்களாம். சாட்சியாக உரிமையாளர் கூரைமேல் ஏறி எடுத்த படம் ஒன்றை இணைத்திருந்தார்கள். அதைப் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை: கிழிசலின் இரு விளிம்பிலும் பச்சைப் பாசி படர்ந்திருந்தது. பருவத்துக்குப் பருவம் சீலன்ட் பூசுகிறேன் என்றவரின் கூரையில், நாங்கள் முந்தின வாரம் கிழித்ததாகச் சொல்லப்படும் கிழிசலுக்குள், பாசி முளைத்திருக்கிறது.

இதைத்தான் முதல் மறுப்புக் கடிதத்தில் எழுதினேன். பதில் எழுதியவர், எங்கள் மனவருத்தத்தைத் தாம் முழுமையாகப் புரிந்துகொள்வதாகவும், ஆனால் தாவர வளர்ச்சி குறித்துக் கருத்துச் சொல்லும் தகுதி தமது குழுவுக்கு இல்லை என்றும் எழுதினார். துருப்பிடித்த கம்பிகளின் படங்களை அனுப்பினேன். அடுத்து வேறொருவர் பதில் எழுதினார்: அந்தப் படங்கள் வண்டி எங்கள் பொறுப்பில் இருந்த காலத்தில் எடுக்கப்பட்டவை என்பதால், சேதம் எங்கள் பொறுப்பில் நிகழ்ந்தது என்பதையே அவை உறுதிசெய்கின்றனவாம். அதாவது, சேதத்தைக் கண்டதும் நேர்மையாகத் தெரிவித்ததே எங்களுக்கு எதிரான சாட்சி. தொலைபேசியில் பிடித்த பெண்மணி, 101இல் ஆர்ச் கேப் சுரங்கப்பாதை வழியாகச் சென்றீர்களா என்று ஏதோ துப்புக் கிடைத்த குரலில் கேட்டார். ஆமாம், போனோம், எங்கள் வண்டியைவிட உயரமான லாரிகள் நாள்தோறும் போகும் வழி அது. ஆனாலும் 'சுரங்கப்பாதையில் சென்றதை விருந்தினர் ஒப்புக்கொண்டார்' என்று கோப்பில் குறித்துக்கொண்டார்கள்.

கடைசியில் எல்லாம் ஒரு கேள்வியில் வந்து நின்றது: வண்டியை எடுத்தபோது கூரையில் கிழிசல் இருந்தது என்பதற்கு உங்களிடம் கூரையின் படம் இருக்கிறதா? ஏறக்கூடாது என்று உங்கள் ஒப்பந்தமே தடுக்கும்போது, ஏணியையே பூட்டி வைத்திருக்கும்போது, நான் எப்படிப் படம் எடுப்பேன் என்று கேட்டேன். அதற்கு வந்த பதில், கூரை நல்ல நிலையில் இருந்தது என்ற படிவத்தில் நீங்கள் கையெழுத்திட்டிருக்கிறீர்கள் என்பதுதான். ஏற விடமாட்டார்கள், பார்க்க விடமாட்டார்கள், டிக்கும் அவர்களே அடிப்பார்கள். 2,500 டாலர் மட்டும் நம்முடையது. நாங்கள் தனியே பணம் கட்டி வாங்கிய சேதப் பாதுகாப்புத் திட்டத்தைக் காட்டினேன். கூரையும் பந்தலும் அதில் சேராதாம்; அது விலக்குகளின் பட்டியலில் எங்கோ உள்ளே இருந்தது. கடன் அட்டை நிறுவனத்திடம் ஆட்சேபம் எழுப்பியபோது, தளத்தினர் அதே கையெழுத்துப் படிவத்தை அனுப்பி அங்கேயும் கதையை முடித்துவிட்டார்கள்.

விரிவாக ஆலோசனை எழுதுகிறேன் என்று தொடங்கினேன்; நேற்றைய மின்னஞ்சலை மறுபடி படித்தபிறகு அதற்கான பொறுமை இல்லை, அதனால் முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒப்படைக்கும் நாளில், உங்கள் கண் முன்னால், உரிமையாளரே ஏறிக் கூரை முழுவதையும் காணொளி எடுத்துத் தளத்தின் செய்திப் பெட்டியில் அனுப்பினால் மட்டுமே கையெழுத்திடுங்கள். மறுத்தால் வேறு வண்டி பாருங்கள். பரணின் மூலைகளையும் ஜன்னல்களின் கீழ்ப்பகுதியையும் விரலால் அழுத்திப் பாருங்கள், புதிதாக ஒட்டிய தாள் எங்காவது தனியாகத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள், வாசனைத் திரவியம் மிகுதியாக இருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். உரிமையாளர் தொலைபேசியில் எதைச் சொன்னாலும் உடனே அதை எழுதி, 'நீங்கள் இப்படிச் சொன்னீர்கள்' என்று அவருக்கே செய்தியாக அனுப்பிவையுங்கள். பாதுகாப்புத் திட்டத்தில் எது சேராது என்ற பக்கத்தை முதலில் படியுங்கள். அமெரிக்காவில் கடன் அட்டைக் கணக்கில் தவறான கட்டணத்தை எழுத்து மூலம் எதிர்க்க, அது முதலில் இடம்பெற்ற கணக்கறிக்கை அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாள்தான் அவகாசம். தளத்தின் பதிலுக்காகக் காத்திருந்து அதைக் கடத்திவிடாதீர்கள்.

ஓரிகன் மாநில நீதித்துறையின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் இன்று காலை புகார் பதிந்துவிட்டேன். அங்கே சிறு வழக்கு நீதிமன்றத்தில் 10,000 டாலர் வரையிலான கோரிக்கைகளைக் கொண்டுபோகலாம் என்பதால் எங்கள் 2,500 டாலர் அதற்குள் அடங்கும். தளத்தின் ஒப்பந்தத்தில் உள்ள நடுவர் தீர்ப்பு ஷரத்து (தகராறை நீதிமன்றத்துக்குப் பதில் ஒரு நடுவரிடம் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை) அதற்கு இடம் கொடுக்கிறதா என்று எங்கள் மகள் வரி வரியாகப் படித்துக்கொண்டிருக்கிறாள். இதே மாதிரி கூரையைக் காட்டிப் பணம் பிடித்த அனுபவம் வேறு யாருக்காவது இருந்தால், உங்களுக்கு வந்த சேத அறிவிப்பின் படத்தோடு எனக்கு எழுதுங்கள், வழக்குக்கு உதவும்.