அவசர அழைப்பு: 3ஜிக்கு இறக்கிவிடுவதா, 4ஜியிலேயே எடுப்பதா?

4ஜி போன் நெட்வொர்க்கில் சேரும்போது அதற்கு ஓர் ஏற்புச் செய்தி வரும். அவசர அழைப்பை இங்கே 4ஜியிலேயே எடுத்துக்கொள்வோமா, மாட்டோமா என்று சொல்வதற்கென்றே அதில் ஒரு பிட் இருக்கிறது. அது 0 என்றால், 112 அழுத்தியதும் போன் 3ஜியையோ 2ஜியையோ தேடிப் போகும். 1 என்றால், வோல்ட்டி (4ஜியிலேயே பேசுவது) பேச்சு போகும் அதே ஐஎம்எஸ் வழியில், அதாவது பேச்சையும் டேட்டாவாகவே கொண்டுபோகும் அமைப்பில், அவசர அழைப்பும் போகும். சென்னையில் இருந்தபடி ஒரு வெளிநாட்டு ஆபரேட்டரின் கோர் நெட்வொர்க்கை (டவர்களுக்குப் பின்னால் இருக்கும் மைய அமைப்பை) சோதிக்கும் எங்கள் அணியிடம் இந்தக் கேள்வி வந்தது. 1 என்று வைக்கச் சொன்னோம். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு என்பதால் காரணங்களை விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பழைய வழி. சிஎஸ் ஃபால்பேக் என்ற இந்த ஏற்பாட்டை, மொபைல் தரங்களை எழுதும் 3ஜிபிபி அமைப்பு ரிலீஸ் 8 என்ற தன் பதிப்பில் கொண்டுவந்தது. டேட்டாவுக்கு 4ஜி, பேச்சு வந்தால், ஒவ்வொரு அழைப்புக்கும் தனித் தடம் ஒதுக்கும் பழைய சர்க்யூட் நெட்வொர்க். பல ஆண்டுகள் ஓடித் தேய்ந்த பாதை. அவசர அழைப்பை எடுக்கும் கட்டுப்பாட்டு அறைக்கான இணைப்புகள் எல்லாம் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன. புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். 4ஜியை விட்டு இறங்கிப் பழைய சிக்னலைப் பிடிக்கச் சில நொடி கூடுதலாகும், அந்த இடத்தில் 3ஜியோ 2ஜியோ இருந்தாக வேண்டும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஐஎம்எஸ் வழியின் அடிப்படை ரிலீஸ் 7-இலேயே எழுதப்பட்டுவிட்டது. ஆனால் 4ஜியில் அவசர அழைப்புக்கென்று தனிப் பாதை, சிம் இல்லாத போனுக்கும் அனுமதி என்று முழு வடிவம் பெற்றது ரிலீஸ் 9-இல். ஆய்வகத்தில் அது நடப்பதைப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். சிம் எடுத்துவிட்ட ஒரு போனை, வெளிச் சிக்னல் புகாத ஷீல்டு பாக்ஸுக்குள் வைத்து 112 அழுத்துகிறோம். போனும் நெட்வொர்க்கும் பரிமாறும் செய்திகளின் பதிவான ட்ரேஸ் திரையில் ஓடுகிறது. போன் தன் கருவிக்குரிய ஐஎம்இஐ எண்ணை மட்டும் காட்டி, 'அவசரம்' என்ற வகையில் இணையக் கேட்கிறது. வழக்கமாக நடக்கும் அடையாளச் சோதனைக்காக நெட்வொர்க் அதை நிறுத்தி வைப்பதில்லை. அவசரத்துக்கென்றே ஒரு பேரர் (தனி டேட்டா தடம்) திறக்கிறது. டவரில் நெரிசல் இருந்தால் மற்றவர்களின் டேட்டாவை ஒதுக்கிவிட்டு இதற்கு இடம் கொடுக்கலாம். பிறகு போகும் அழைப்புச் செய்தியில் டயல் செய்த எண்ணுக்குப் பதிலாக 'சர்வீஸ் எஸ்ஓஎஸ்' என்ற பொது முகவரி நிற்கிறது, கூடவே எந்த செல்லிலிருந்து வருகிறது என்ற விவரமும். அதை வைத்து எந்தக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்புவது என்று, ஐஎம்எஸ்ஸில் அவசர அழைப்பைக் கையாளும் ஈ-சிஎஸ்சிஎஃப் என்ற சர்வர் முடிவு செய்கிறது. (சோதனையில் அந்த முனை எப்போதும் போலிதான். உண்மையான கட்டுப்பாட்டு அறையின் ஒரு லைனைக்கூடச் சோதனைக்காகப் பிடித்து வைக்கக் கூடாது.)

வேகம், இருப்பிட விவரம் எல்லாம் இருக்கட்டும். எங்களை ஒரு பக்கம் சாய்த்தது வேறு விஷயம்: பழைய நெட்வொர்க்கை மூடும் நாளில், மக்கள் கையில் இருக்கும் போன் என்ன செய்யும்?

இதற்கு ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். 2024 ஜூன் இறுதியில் மூடுவதாக இருந்த, அங்குள்ள ஆபரேட்டர் டெல்ஸ்ட்ராவின் 3ஜி, ஆகஸ்டுக்கும் பிறகு அக்டோபருக்கும் தள்ளிப்போனது. முக்கியமான காரணம், அந்த நாட்டு அவசர எண்ணான 000. சாதாரண அழைப்பை 4ஜியிலேயே அருமையாகப் பேசும் போன்கள் பல, 000 அழுத்தினால் மட்டும் 3ஜிக்குப் போகும்படி அமைக்கப்பட்டிருந்தன. 2024 மார்ச்சில் அப்படிப்பட்டவை சுமார் 7.4 லட்சம் இருக்கலாம் என்று அரசு மதிப்பிட்டது. பிறகு அந்த எண்ணிக்கை இறங்கினாலும், 000-ஐ அழைக்க முடியாத போன்களுக்குச் சேவையே தரக்கூடாது என்று ஆபரேட்டர்களுக்கு உத்தரவு போட வேண்டிவந்தது. டெல்ஸ்ட்ராவும் இன்னொரு ஆபரேட்டரான ஆப்டஸும் அக்டோபர் 28-இல் மூடத் தொடங்கின.

அந்தப் போனை வைத்திருந்தவர் நிலையில் இருந்து யோசித்துப் பாருங்கள். தினமும் மகளோடு பேசுகிறார், வீடியோ கால் வருகிறது, குறை என்று சொல்ல ஒன்றுமில்லை. நெஞ்சு வலிக்கும் இரவில்தான் தெரியும், அந்த ஒரு எண்ணுக்கு மட்டும் போன் இல்லாத டவரைத் தேடுகிறது என்று. மற்ற எல்லாக் கோளாறும் பயன்படுத்தும்போதே தலைகாட்டிவிடும். இது காட்டாது. அவசர அழைப்புக்கான நிரல் போனுக்குள்ளே தனிக் கிளையாக இருக்கிறது. வருடக்கணக்கில் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. தயாரித்தவர் அப்டேட் தருவதை நிறுத்திவிட்டால் அதைச் சரிசெய்யவும் வழியில்லை. நன்றாக ஓடும் போனைத் தூக்கிப் போட வேண்டியதுதான். பிட் 0 என்று இருக்கும் நெட்வொர்க்கில் இந்தப் போன்கள் சத்தமில்லாமல் பெருகிக்கொண்டே போகும். 1 என்று வைத்துவிட்டால், எந்த மாடல் தடுமாறுகிறது என்பது 3ஜி இன்னும் பக்கத்தில் துணைக்கு இருக்கும்போதே தெரிந்துவிடும். எங்கள் பரிந்துரையின் உயிர் இந்த ஒரு வாதத்தில்தான் இருந்தது.

கார்களிலும் இதே கதை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மார்ச் 31 முதல் புதிய வகைக் கார்களில் ஈ-கால் கட்டாயம். விபத்து நடந்தால் கார் தானே 112-ஐ அழைத்து, இருக்கும் இடத்தை அனுப்பும். அந்தத் தகவல் பேச்சுத் தடத்துக்குள்ளேயே ஒலியாகப் போகும்படி வடிவமைக்கப்பட்டது. அதாவது சர்க்யூட் நெட்வொர்க் இருந்தாக வேண்டும். போனையாவது சில ஆண்டுகளில் மாற்றுவோம், கார் 15 ஆண்டு ஓடும். ஐஎம்எஸ் வழி ஈ-காலை 3ஜிபிபி ரிலீஸ் 14-இல் சேர்த்துவிட்டது. அதற்குள் விற்றுப்போன கார்களின் கதி, பழைய டவர்களை எத்தனை காலம் ஏற்றி வைப்பார்கள் என்பதில் இருக்கிறது.

எதிர்த் தரப்பின் வலுவான வாதத்தையும் சொல்லியாக வேண்டும். ஐஎம்எஸ் விழுந்தால் பேச்சு மொத்தமும் விழும். 2020 ஜூன் 15-இல் அமெரிக்காவில் டி-மொபைல் நெட்வொர்க் 12 மணி நேரத்துக்கும் மேல் தடுமாறியது; அந்த நாட்டு அவசர எண்ணான 911-க்கான 23,000-க்கும் மேற்பட்ட அழைப்புகள் தோற்றன. ஒரு ஃபைபர் இணைப்பு செயலிழந்ததில் தொடங்கி, போன்கள் ஐஎம்எஸ்ஸில் பதிவாக மீண்டும் மீண்டும் முட்டியதில் நெரிசல் பரவியது. உண்மைதான். ஆனால் அன்று அந்த நெரிசல் அவர்களின் 3ஜி, 2ஜியையும் சேர்த்தே அடைத்தது. பழைய நெட்வொர்க் பக்கத்தில் இருப்பதே பாதுகாப்பு என்று நம்பிவிட முடியாது. ஆஸ்திரேலியாவில் 2023 நவம்பர் 8-இல் ஆப்டஸ் முடங்கியபோது அதன் 3ஜி டவர்கள் சிக்னலை நிறுத்தவில்லை. போன்கள் அதையே பிடித்துக்கொண்டு நின்றதால், பக்கத்து ஆபரேட்டரின் டவருக்குத் தாவி 000-ஐ அழைக்க முடியாமல் போனது. 2,145 பேரின் அழைப்பு போய்ச் சேரவில்லை என்று அந்த நாட்டு ஒழுங்காற்று அமைப்பு கண்டறிந்தது.

ஐஎம்எஸ்ஸில் எனக்கு நிஜமாகவே உறுத்தலாக இருப்பது ரோமிங். வெளிநாட்டிலிருந்து வந்தவரின் சாதாரணப் பேச்சு சொந்த ஊர் நெட்வொர்க் வரை போய்த் திரும்பும் ஏற்பாட்டில், அவசர அழைப்பை மட்டும் உள்ளூர் நெட்வொர்க் தானே எடுக்க வேண்டும். அப்போது அவர் யார் என்று அதனால் உறுதி செய்ய முடியாமல், பெயரற்ற அழைப்பாகவே அனுப்ப நேரலாம். லைன் அறுந்தால் கட்டுப்பாட்டு அறைக்குத் திருப்பி அழைக்க எண் இருக்காது. பழைய வழியில் இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை.

நம் ஊருக்கு வந்தால், 2ஜி, 3ஜி இல்லாமலே 2016-இல் தொடங்கிய ஜியோவுக்கு இறங்கிப் போக இடமே கிடையாது; ஐஎம்எஸ் ஒன்றுதான் வழி. இங்கே நான் கவனிக்கச் சொல்வது 108-ஐ. சிம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 112, 911 இரண்டையும் அவசர எண் என்று எல்லா போன்களும் அறிய வேண்டும் என்கிறது 3ஜிபிபி தரம். 108 அந்த நிலையான பட்டியலில் கிடையாது. சிம்மோ நெட்வொர்க்கோ சொல்லாவிட்டால் போன் அதைச் சாதாரண அழைப்பாகவே அனுப்பும். ஐஎம்எஸ்ஸில் இதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அழைப்பு வந்ததும் நெட்வொர்க் 380 என்ற பதிலைத் திருப்பி, 'இது அவசரம், அந்த வழியில் வா' என்று சொல்லலாம். போன் உடனே அவசர அழைப்பாக மறுபடி போடும். ட்ரேஸில் இதைப் பார்க்கும்போதெல்லாம் இதை யோசித்து எழுதியவர்கள் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

வைஃபை வழி அவசர அழைப்பையும் 5ஜியையும் பற்றி உறுதியாகப் பேச எனக்கு ஆய்வகத்தைத் தாண்டிய அனுபவம் இல்லை. 5ஜி டவர் அவசர அழைப்பை 4ஜிக்கு இறக்கிவிடவும் தரம் இடம் கொடுக்கிறது. நாங்கள் முடிவெடுத்த அதே கேள்வி ஒரு படி மேலே மறுபடி வரும். இப்போதைக்கு அந்த ஆபரேட்டரிடம் பிட் 1 என்று இருக்கிறது. ஐஎம்எஸ்ஸில் முயன்று தோற்றால் போன் 3ஜிக்குப் போகலாம், அதை மூடவில்லை. அப்படிப் போகும் அழைப்புகளை மாடல் வாரியாகப் பிரித்து வாராவாரம் பார்க்கச் சொல்லியிருக்கிறோம். அந்தப் பட்டியலில் ஒரு மாடல் பெயர் இருக்கும்வரை 3ஜியை மூடும் தேதியை அறிவிக்கக் கூடாது என்பது எங்கள் நிபந்தனை.