தெரபி பேக்கேஜ்னு மொத்தமா காசு கட்டறதுக்கு முன்னாடி இத படிச்சுருங்க

திருப்பூர், கோயமுத்தூர், ஈரோடு பக்கம் ஆட்டிசம் கொழந்தைங்கள வெச்சுருக்கற அம்மா அப்பாவுக்குதானுங்க இது. எங்கள ஏமாத்துன தெரபி சென்டர் பேரு போடல, புகார் குடுத்துருக்கோம்.

பையனுக்கு ஏழு வயசு. ஆட்டிசம்னு முன்னாடியே தெரியும். எதச் சொன்னாலும் மாட்டேங்கறதுதான் பெரிய கஷ்டமா இருந்துச்சு. அவனுக்கு உசுரான பணியாரத்தயே "சாப்புடு சாமி"ன்னு சொல்லிட்டா தட்டி விட்டுட்டு கட்டிலுக்கடில போயிருவான், ஆரும் பாக்காதப்ப அவனே வந்து எடுத்துத் திம்பான். ஸ்கூல்ல நோட்ட எடுன்னா அன்னிக்குப் பூரா ரகளை.

இதுக்குன்னு கோயமுத்தூர்ல ஒரு சென்டருக்கு போனமுங்க. பையன சரியா பாக்கக்கூட இல்ல, "இது பி.டி.ஏ., தனி வியாதி, தனி பேக்கேஜ், ஆறு மாசத்துல சொன்ன பேச்சு கேப்பான்"னுட்டாங்க. பி.டி.ஏ.ன்னா பேத்தலாஜிக்கல் டிமாண்ட் அவாய்டன்ஸ், எதச் செய்யச் சொன்னாலும் தட்டிக் கழிக்கறதுங்க. எங்க வீட்டுக்காரரு பனியன் கம்பெனில செக்கிங் பாக்கறாரு, தீவாளி போனஸோட சீட்டுப் பணத்தயும் சேத்து முழுசா கட்டுனோம். பில்லு கேட்டா நாளைக்கு நாளைக்குன்னே ஓட்டுனாங்க.

உள்ள நடந்த தெரபி என்னன்னா கதவச் சாத்தி உக்கார வெச்சு, சொன்னதச் செய்யற வரைக்கும் வெளிய விடறதில்ல. வீட்டுக்கு வந்தா தூக்கமில்ல, பாத்ரூம் போகச் சொன்னாக்கூட கத்தறான். கேட்டா "பிடிவாதம் எறங்கறதுக்கு முன்னாடி ஏறத்தான்மா செய்யும்"ங்கறாங்க. அதுக்கு மேல நான் அனுப்பலைங்க.

அப்புறம் ஜி.எச்.ல ஒரு டாக்டரம்மாதான் பொறுமையா சொன்னாங்க. பி.டி.ஏ.ங்கறது 1980கள்ல எலிசபெத் நியூசன்னு இங்கிலாந்து சைக்காலஜிஸ்ட் வெச்ச பேராம், டாக்டருங்க நோய்ப் பேரு பாக்கற டி.எஸ்.எம்.-5, ஐ.சி.டி.-11ங்கற ரெண்டு பட்டியல்லயும் தனி நோயாவே இல்லையாம். ஆனா இந்த மாதிரி கொழந்தைங்க இருக்கறது நெசம், அது திமிரில்ல பயம், அழுத்தினா எச்சாகும்னாங்க. எங்க அமுச்சி (பாட்டி) ஒரு கிளாஸும் படிச்சதில்ல, செருப்பு போடுன்னு சொல்லாம "இந்தச் செருப்பு எந்தக் கால்துன்னு தெரியலயே"ன்னு தனக்குத்தானே பேசுவாங்க, இவன் ஓடி வந்து அவனே கால்ல மாட்டிக்குவான். இதுக்கு காசு வேறயா!

இதுல பெரிய கொடும அந்த சென்டர்ல குடுத்த ரிப்போர்ட்டு. "கீழ்ப்படிய மாட்டான், மத்த கொழந்தைங்களுக்கு ஆபத்து"ன்னு எழுதிக் குடுத்துருக்காங்க, நாங்க நம்பி ஸ்கூல்ல குடுத்தோம், ஸ்கூல்காரங்க அதயே காட்டி சொந்தக் காசுல ஷேடோ டீச்சர் (கிளாஸ்ல பையன் கூடவே உக்கார ஒரு ஆள்) வையுங்க இல்லாட்டி டி.சி. வாங்கிக்கங்கன்னாங்க. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாவது முடியற வரைக்கும் கொழந்தைய வெளிய அனுப்பக் கூடாதுங்க. முதன்மைக் கல்வி அலுவலர் ஆபீஸ்ல எழுதிக் குடுத்த பொறவுதான் டி.சி. பேச்சு நின்னுச்சு.

யு.டி.ஐ.டி.ங்கற மாற்றுத்திறனாளி அடையாள கார்டுக்கும் அந்த ரிப்போர்ட்டு பத்து பைசாவுக்கு ஆகல. கையெழுத்துப் போட்டவங்களுக்கு ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவே இல்ல. ஆர்.சி.ஐ. வெப்சைட்ல பேரத் தேடுனா ரெண்டு நிமிசத்துல தெரிஞ்சுரும், பதிவு நம்பர் சொல்ல மொகம் சுளிச்சா எந்திரிச்சு வந்துருங்க. மாற்றுத்திறனாளி சர்டிபிகேட்டு குடுக்கறது அரசாங்க டாக்டருங்கதான், ஐ.எஸ்.ஏ.ஏ.ன்னு ஆட்டிசம் அளவு பாக்கற ஒரு டெஸ்ட், அதுல 40 விசயம் வெச்சு பாக்கறாங்க, அரசு ஆஸ்பத்திரில இதுக்கு ஃபீஸ் கிடையாது. ஜி.எச்.ல டி.இ.ஐ.சி. (கொழந்தைங்க வளர்ச்சிக் குறைபாட்ட பாக்கற மாவட்ட மையம்) எங்கன்னு கேட்டுப் போங்க, கூட்டமா இருக்கும், கட்டுச்சோறு கட்டிட்டுப் போயிருங்க.

காசு இன்னும் வரலைங்க. கையில இருக்கறது ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் அவங்க வாட்ஸ்அப்ல "கேரண்டி"ன்னு அனுப்புன வாய்ஸ் மெசேஜும்தான். ரெண்டயும் வெச்சு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல போட்டாச்சு, அஞ்சு லட்சம் வரைக்கும் ஃபீஸ் இல்ல, வக்கீலும் வைக்கல. அதே பேக்கேஜ் கட்டுன இன்னும் ரெண்டு அம்மாங்களும் போடறேன்னுருக்காங்க.